குன்னூர் அடுப்பில் மசாலா டீ

ஊரில் இருந்தவரை நான் டீ போட்டதே கிடையாது. விருதுநகர் பக்கம் எங்கள் வீட்டு அடுப்படி அம்மாவின் ராஜ்ஜியம். அதைத் தாண்டினால் தெருமுனைக் கடை. 2009 ஜூனில் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கணக்கு எழுத வந்தேன். நான் வாடகைக்குப் பிடித்த வீடு சரிவில் இருந்தது. டீக்கடைக்குப் போக நூற்றுப் பத்துப் படி இறங்க வேண்டும். சாரலில் நனைந்து இறங்கி, டீ குடித்து, மூச்சு வாங்க ஏறி வந்தால் குடித்த சூடு பாதி வழியிலேயே போய்விடும். சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று ஒரு பாத்திரமும் வடிகட்டியும் வாங்கினேன்.

அம்மாவிடம் போனில் பக்குவம் கேட்டேன். "தண்ணி பாதி, பால் பாதி. இஞ்சியத் தட்டிப் போடு, ஏலக்காய் போடு, கொதிச்சு வந்ததும் இறக்கிரு" என்றார். அப்படியே செய்தேன். நிறம் வந்தது. ஆனால் வாயில் வைத்தால் சூடான சீனிப்பால். இஞ்சி போட்டது எனக்கும் குப்பைக்கூடைக்கும் மட்டுமே தெரியும். மறுநாள் இஞ்சியை இரண்டு மடங்காக்கினேன். பச்சை நெடி ஏறியதே தவிர காரம் வரவில்லை.

என்னோடு தங்கியிருந்தவர் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்து வெப்பமானியைக் கொண்டுவந்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் விட்டார். 94 டிகிரியில் நின்றது. தீயைக் கூட்டினோம். குமிழி கூடியது, 94 அப்படியே இருந்தது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் இறங்குகிறது. மேட்டுப்பாளையத்தில் 99 இருக்கும். அங்கிருந்து குன்னூருக்குச் செங்குத்தாக ஒன்றரை கிலோமீட்டர் ஏறியிருக்கிறோம். ஊட்டி இன்னும் 400 மீட்டர் உயரம், அங்கே 93ஐத் தொட்டாலே பெரிது. மலையில் பருப்பு வேக மறுப்பதும் இதனால்தான். அம்மா சொன்ன "கொதிச்சு வந்ததும்" என்பது விருதுநகர்க் கொதி. இது குன்னூர்க் கொதி.

சூட்டைக் கூட்ட வழியில்லை, நேரத்தைத்தான் கூட்ட முடியும். இஞ்சியும் பட்டையும் வெறும் தண்ணீரில், சிறு தீயில், மூடி போட்டு எட்டு நிமிடம். அதன் பிறகுதான் தூளும் பாலும். அன்றைக்கே டீ வேறு டீயாகிவிட்டது. இடையில் புத்திசாலித்தனமாக மசாலாத் தண்ணீரைக் குக்கரில் ஏற்றி மூன்று விசில் விட்டும் பார்த்தேன். கிராம்பின் கசப்பு முழுக்க இறங்கி, காய்ச்சல்காரனுக்கு வைத்த கஷாயம் மாதிரி இருந்தது. குக்கர் பருப்புக்கே இருக்கட்டும்.

அடுத்த பாடம் தொழிற்சாலையில் கிடைத்தது. எங்களுடையது சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கும் இடம். நாலு, நாலரைக் கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்று தினமும் எழுதுவேனே தவிர, தூளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தத் தை மாதம் தெரிந்தவர் ஒருவர் ஒரு சின்னப் பொட்டலம் பரிசாகக் கொடுத்தார். உறைபனிக் காலத்தில் பறித்த ஆர்த்தோடக்ஸ் தேயிலை, அதாவது இலையைக் கூழாக்காமல் உருட்டி முறுக்கிச் செய்தது. முறுக்கிக்கொண்ட கம்பி கம்பியான இலைகள். பிரித்தால் பூ வாசனை. விலை உயர்ந்தது ஆயிற்றே என்று இஞ்சி, கிராம்பு, பால் எல்லாம் சேர்த்துக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு, டீ மேக்கரிடம் போய், "என்ன சார், கலரே இல்ல" என்றேன். டீ மேக்கர் என்றால் டீ போடுகிறவர் இல்லை. தொழிற்சாலையில் இலை தூளாகும் வரை பொறுப்பு அவருடையது. ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "பட்டுச்சேலையக் கிழிச்சு அடுப்புத்துணி ஆக்கிட்டீங்களே" என்றார்.

அப்புறம் இயந்திரத்தின் அருகில் கூட்டிப்போய்க் காட்டினார். அங்கே தூள் செய்யும் சிடிசி என்பது நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை. பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுற்ற, நடுவில் போகும் வதங்கிய இலை கூழாகி, பிறகு சின்னச் சின்ன உருண்டையாகிறது. இலை முழுக்கக் கிழிந்துவிடுவதால் சாயமும் துவர்ப்பும் சட்டென்று தண்ணீரில் இறங்கும். பாலும் மசாலாவும் போட்டாலும் அமுங்காமல் நிற்பது இந்தத் தூள்தான். ஆர்த்தோடக்ஸ் இலையின் அருமை அதன் மணத்தில். அதற்கு வெந்நீரும் மூன்று நிமிடமும் போதும், பாலே வேண்டாம்.

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். டஸ்ட் என்றால் குப்பை இல்லை. சல்லடையில் பிரிக்கும்போது எந்த அளவுத் துகள் என்பதற்கு வைத்த பெயர் அது. எஸ்.எஃப்.டி., எஸ்.ஆர்.டி. என்று மூட்டையில் எழுதியிருக்கும் மிக நைஸான டஸ்ட், கடைக்காரருக்குச் சரி. ஒரு நொடியில் டிகாஷன் இறங்க வேண்டும் அவருக்கு. வீட்டில் மசாலா டீக்கு நான் வாங்குவது கொஞ்சம் பருமனான பி.டி. அல்லது பி.ஓ.பி.எஃப். இரண்டு நிமிடம் கொதித்தாலும் கசக்காது, வடிகட்டியில் சேறு மாதிரி அடைக்காது. விலாசமில்லாத பாக்கெட்டை வாங்குவதை விட, கூட்டுறவு இன்கோசர்வின் ஊட்டி டீயோ அரசின் டான்டீயோ எனக்குத் திருப்தி. இங்கே வேலை பார்த்தவனின் பாசமும் அதில் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை.

இப்போது இஞ்சி கதை. எனக்குக் கல்யாணமாகி, தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் ஊட்டி சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். பெண்ணின் அண்ணன் கையால் மசாலா டீ என்று நானே அடுப்படியில் நின்றேன். ஒன்பது பேர். இத்தனை பேருக்குத் தண்ணீர் கலந்த டீயா என்று முழுப் பாலிலேயே போட முடிவு செய்தேன். குளிர்ந்த பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, இஞ்சியைத் துருவி அதிலேயே போட்டு, அடுப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டு, வந்தவர்களிடம் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பாத்திரத்தில் பால் இல்லை. மஞ்சள் தண்ணீரில் வெள்ளைத் திரள் மிதக்கிறது. பால் கெட்டுவிட்டது என்று மனைவி பால்காரரைப் பிடித்துக்கொண்டார். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. ஜிஞ்சிபெய்ன் என்று பெயர். பால் 60, 65 டிகிரிச் சூட்டில் இருக்கும்போது அது முழு வேகத்தில் வேலை செய்து, உறை ஊற்றியது போலப் பாலைத் திரித்துவிடும். கொதிக்கும் சூட்டில் அது செத்துவிடும். நான் செய்த கோளாறு, சிறு தீயில் ஒன்பது பேருக்கான பாலை அந்தச் சூட்டைத் தாண்டவிடாமல் நிதானமாக உட்கார வைத்தது. பிறகு ஒரு நாள் மகளுக்காக இதைச் செய்து காட்டினேன். விரல் பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே உள்ள பாலை இரண்டு டம்ளரில் எடுத்து, ஒன்றில் பச்சை இஞ்சிச் சாறு, மற்றதில் கொதிக்க வைத்த இஞ்சிச் சாறு. ஐந்து நிமிடத்தில் முதல் டம்ளரைச் சாய்த்தால் பால் ஓடவில்லை. ஓரத்தைவிட்டு விலகி, தயிர்க்கட்டி மாதிரி நடுங்கியது. இரண்டாவது டம்ளர் பாலாகவே இருந்தது. சீனர்கள் இப்படித் திரித்த இஞ்சிப் பாலையே இனிப்பாகச் சாப்பிடுகிறார்களாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அன்றைக்குக் காபி கொடுத்துச் சமாளித்தோம். வரன் அமையாததற்குக் காரணம் டீ இல்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆகவே இஞ்சி எப்போதும் தண்ணீரில், கொதித்த பிறகுதான் பால். வெல்லம், கருப்பட்டிக்கும் இதே எச்சரிக்கை. அவற்றில் உள்ள லேசான புளிப்புக்குக் கொதிக்கும் பால் திரிந்துவிடலாம். உடன்குடிக் கருப்பட்டி வந்தால் நான் அதைத் தட்டி டம்ளரில் போட்டு, வடிகட்டிய டீயை அதன்மேல் ஊற்றுகிறேன்.

மசாலாவில் எனக்கு வாத்தியார், எதிர்வீட்டுப் பாட்டி. இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்த குடும்பம். டான்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவருக்கு டீ கிடையாது, தேத்தண்ணிதான். பட்டை கிடையாது, கறுவாதான். நான் பெருமையாகக் கொடுத்த மசாலா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "தம்பி, இது தேத்தண்ணியா, ரசமா?" என்று கேட்டார்.

அப்போது நான் ஏழெட்டுச் சாமான் போட்டுக்கொண்டிருந்தேன். சோம்பு, ஜாதிக்காய், அன்னாசிப்பூ வரை உண்டு. பாட்டி என் மசாலா டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அன்னாசிப்பூவைப் பார்த்து, "இது பிரியாணிக்குப் போகட்டும்." என் பட்டையை எடுத்து ஒடித்துப் பார்த்தார், ஒடியவில்லை. தடித்த, ஒரே சுருளான, மரப்பட்டை மாதிரியான காசியா அது. கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். நல்ல கறுவா காகிதம் போல மெல்லிய பல மடிப்பாக, சுருட்டுக்குள் சுருட்டாக இருக்கும், விரலாலேயே நொறுக்கலாம். இனிப்பும் கூடுதல். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் நிறையச் சேர்த்தால் ஈரலுக்கு ஆகாது. தினம் இரண்டு வேளை மசாலா டீ குடிக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் விலை கொடுத்தாவது கறுவா வாங்குவதே நல்லது.

கிராம்புக்கு அவர் வைத்த பரீட்சை எனக்கு இன்னும் பிடிக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு கிராம்பைப் போட்டார். இரண்டு மூழ்கின, ஒன்று தலை மேலே காலூன்றி நின்றது, ஒன்று கட்டை மாதிரி படுத்து மிதந்தது. மிதந்தது எண்ணெய் எடுத்த சக்கை. நகத்தால் அழுத்தினால் நல்ல கிராம்பில் எண்ணெய் கசியும். அந்த எண்ணெய்தான் பல்வலிக்கு வைத்தால் மரத்துப்போகச் செய்வது. நாலு பேர் டீயில் மூன்றாவது கிராம்பு விழுந்தால் நாக்கும் அப்படித்தான் ஆகிறது. இரண்டோடு நிறுத்துங்கள். மலைப்பாதையில் இறங்கும்போது பர்லியாற்றுக் கடைகளில் வண்டியை நிறுத்தி, முகர்ந்து, நகத்தால் கீறிப் பார்த்து வாங்குவது இப்போது என் வழக்கம். கடைக்காரருக்கு என்னைக் கண்டால் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஏலக்காயில்தான் நான் வெகுநாள் காசை ஆவியாக்கியிருக்கிறேன். முதலிலேயே போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், டீ மணக்காது. இப்போது தோலை மட்டும் இஞ்சியோடு தண்ணீரில் போடுகிறேன். விதையைத் தனியே எடுத்து, அம்மியோரத்தில் ஒரு இழு இழுத்து, அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடிவிடுவேன். இரண்டு நிமிடம் கழித்து மூடியைத் திறக்கும்போது வரும் வாசனைக்காகவே மகள் அடுப்படிக்கு வந்துவிடுவாள்.

குன்னூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு புலம்பல். இங்கே தென்மேற்குப் பருவத்திலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, இரண்டுக்கும் நடுவே மூடுபனி. கால் கிலோ ஏலக்காய் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வைத்து, ஆடி மாதம் திறந்தால் பச்சைப் பூசணம். மொத்தத்தையும் கொட்டினோம். பூசணம் பிடித்த மசாலாவைத் துடைத்து, வறுத்துப் பயன்படுத்தக் கூடாது. அதன் நஞ்சு வறுத்தாலும் போகாது. இப்போது ஐம்பது கிராமுக்கு மேல் எதுவும் வாங்குவதில்லை. தூள் டப்பாவையும் மசாலா டப்பாவையும் ஒரே அலமாரியில் வைப்பதில்லை. தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மசாலாதானே, ஏறினால் என்ன என்று நானும் நினைத்தேன். ஏறியது பெருங்காயம்.

அவசரத்துக்கு ஒரு பொடியும் வைத்திருக்கிறேன். ஏலக்காய் 20 கிராம், சுக்கு 20, மிளகு 10, கறுவா 10, கிராம்பு 5. வெறும் சட்டியில் கை பொறுக்கும் சூட்டில் ஈரம் போகப் புரட்டி, ஆறவிட்டு அரைக்க வேண்டும். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பார்கள். சுக்கைத் தோல் சீவித்தான் போடுகிறேன். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள ஜிஞ்சரால், ஷோகாலாக மாறிக் காரம் ஏறிவிடுகிறது. அதனால் இஞ்சி போடும் கணக்கில் சுக்கைப் போட்டால் தொண்டை எரியும். நாலு பேருக்கு அரைத் தேக்கரண்டி தாராளம். மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

கடையில் விற்கும் மசாலா டீத்தூள் பாக்கெட்டையும் ஒருமுறை வாங்கினேன், சுற்றுலாப் பயணிகளுக்காகச் சாலையோரம் அடுக்கியிருந்த இடத்தில். பிரித்ததும் பாயசம் மாதிரி ஏலக்காய் எசன்ஸ் தூக்கியது. சந்தேகப்பட்டு, ஈரமாக்கிய வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சிட்டிகை தூவி வைத்தேன். சற்று நேரத்தில் துகளைச் சுற்றி ஆரஞ்சு நிறம் வட்டமாகப் பரவியது. பக்கத்தில் தொழிற்சாலைத் தூளைத் தூவியிருந்தேன். அந்தத் தாளில் அப்படிப் பரவவில்லை. சாயம் ஏற்றிய தூளைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வழி இது.

இப்போது நாலு டம்ளருக்கு என் கணக்கு இதுதான். தண்ணீர் 350 மில்லி. கட்டைவிரல் நுனி அளவு இஞ்சி, தட்டியது. கறுவா ஓர் அங்குலம், கிராம்பு இரண்டு, உடைத்த மிளகு ஐந்து, நாலு ஏலக்காயின் தோல். மூடி போட்டுச் சிறு தீயில் எட்டு நிமிடம். நீங்கள் மதுரையிலோ சென்னையிலோ இருந்தால் ஐந்து போதும். தூள் தலைதட்டி நாலு தேக்கரண்டி போட்டு இரண்டு நிமிடம், கடிகாரம் பார்த்து. அதற்கு மேல் விட்டால் துவர்ப்பு கசப்பாகிவிடும். பிறகு பால் 350 மில்லி. ஏற்கெனவே காய்ச்சிய சூடான பாலாக இருந்தால் நல்லது. குளிர்ந்த பாலைக் கொட்டினால் கொதி அடங்கி மறுபடி ஏறுவதற்குள் தூள் அதிகம் ஊறிவிடும். பாலின் புரதம் தேயிலைத் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கில் மெத்தென்று இருக்கிறது. அதனால் பாலைக் குறைத்தால் தூளையும் குறைக்க வேண்டும். பொங்கி வந்ததும் தீயைத் தணித்து, மறுபடி ஒருமுறை பொங்கவிட்டு அணைத்து, ஏலவிதை போட்டு மூடல். முழுக் கொழுப்புப் பாலில் மசாலா மந்தமாகிவிடுகிறது. ஆவின் நீலப் பாக்கெட் போதும்.

சீனியை வடிகட்டிய பிறகுதான் சேர்க்கிறோம். அவரவர் அளவு அவரவருக்கு என்பது ஒன்று. இன்னொன்று, சக்கை ரோஜாத் தொட்டிக்குப் போகிறது. சீனி கலந்த சக்கையைப் போட்டு எறும்புப் படையையே வரவழைத்த அனுபவம் உண்டு.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எட்டு நிமிடம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஞாயிறு மாலை மசாலாத் தண்ணீரை மட்டும் ஒரு லிட்டர் கொதிக்க வைத்து வடிகட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால், திங்களும் செவ்வாயும் தூளும் பாலும் சேர்த்தால் முடிந்தது. போட்ட டீயைச் சூடுபண்ணிக் குடிப்பதை மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள். சாப்பாட்டோடு டீ குடிப்பதையும் நிறுத்திவிட்டோம். மனைவிக்கு ரத்தச்சோகை இருந்தபோது, உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும், ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள் என்று செவிலியர் சொன்னார். வர்க்கியோடு குடிக்கும் நாலு மணி டீக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வர்க்கியை முக்கிச் சாப்பிட வேண்டுமென்றால் மிளகைப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

பாட்டிக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. சாயங்காலம் வந்து உட்காருவார். எனக்கும் மகளுக்கும் மசாலா டீ கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்து அடுப்பில், அவருக்கென்று பாலில்லாத சாயத்தண்ணி தனியாக வைப்பேன். ஒரு சின்னத் துண்டு இஞ்சி மட்டும் தட்டிப் போடலாம், அதற்கு அனுமதி உண்டு. சீனியை டம்ளரில் போடக் கூடாது. உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு. போன வாரம் என் டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தார். "கறுவா நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, குடிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.